சொல்லும்வரை நின்றவர்

"இரிங்க" என்று யாராவது சொல்லும்வரை மாமி இருக்கமாட்டார். சொன்ன பிறகும் கதிரையில் இருக்கமாட்டார். சுவரோரமாகப் போய், சீலைத் தலைப்பை இழுத்துவிட்டு, கால்களை ஒருபக்கமாக மடித்துத் தரையில் இருப்பார். அறையில் இருக்கிற மற்றவர்களுடைய தலையைவிடத் தன் தலை பதிவாக, தாழ்வாக இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் அளப்பார். அதன்பிறகுதான் அவருடைய தோள் தளரும்.

அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறேழு வருடமிருக்கும். இன்றைக்கும் யாராவது ஒரு பெண் ஒரு வாசலில் நின்றுகொண்டிருக்கக் கண்டால், "இரிங்க" என்ற சொல் என் வாயில் தானாக வந்துவிடுகிறது. முன்பின் தெரியாத பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

துறைமுகக் கந்தோரில் எழுதுகிற லிகிதர் வேலை கிடைத்துக் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்த காலத்தில், நான் மாமியின் தம்பி வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். உட்துறைமுக வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் அந்த வீடு. அவர்கள் மலாய்க்காரர். கோட்டைக்குச் சிப்பாய்களாக வந்தவர்களின் வழி. வீட்டுக்குள் மலாய், வெளியில் எங்களைப்போலத் தமிழ். தம்பியார் துறைமுகத்தில் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகு ஓட்டுபவர், மனைவி இல்லாதவர். அவரை நான் மாமா என்பேன். அதனால் இவர் மாமி.

என் வாப்பா கடலுக்குப் போகிறவர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை கண்டவன் நான் ஒருவன்தான். அதனால் அந்த வயதில் எனக்கு எல்லாவற்றிலும் ஓர் அவசரம் இருந்தது. படித்ததை உடனே யாருக்காவது சொல்லி, இந்த உலகத்தை ஒரு பக்கத்திலிருந்தாவது திருத்தத் தொடங்கவேண்டும். என் கைக்கெட்டிய பக்கத்தில் மாமி நின்றுகொண்டிருந்தார்.

ஒழுங்கையில் அவருக்குப் பெயர் ராணியம்மா. மலாயாவில் ஒரு சுல்தானுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தவர் என்பதும், இலங்கை சுதந்திரமடைந்த வருடத்தில் ஒரு தகரப்பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. தெரியாததை எல்லாம் எதிர்வீட்டு ரோசலின் அக்கா நிரப்பிவைத்திருந்தார்.

ரோசலின் அக்கா அப்பம் சுட்டு விற்பவர். அவருடைய வாய் அப்பச்சட்டியைவிடச் சூடு. மூத்த மகள் தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்த நாள் விருந்துக்கு வாடகைக் கதிரைகள் எடுத்து முற்றத்தில் போட்டிருந்தார். மாமி போய் வாசற் படலையடியில் நின்றார். சனக்கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. நேரம் செல்லத்தான் ரோசலின் அக்கா கண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, ஏன் நிக்கிறீங்க? வந்து இரிங்களன்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கதிரையடியில் விட்டார். மாமி கதிரையின் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு அதன் காலடியில், தரையில் இருந்துவிட்டார்.

"என்ன ராணியம்மா, எங்கட கதிரையில மூட்டைப்பூச்சி கடிக்குமெண்டு பயமோ? என்ன செய்யிறது, சிம்மாசனம் வாடகைக்குக் குடுக்கிறாங்களில்லையே!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். "நல்ல கதிரை பிள்ளை. நீங்க இரிங்க" என்றார்.

அன்றோடு அந்தக் கதை நிலைத்துவிட்டது. எங்கள் கதிரை அவருக்குப் போதாது. தலைக்கனம் பிடித்த மனிசி. நானும் கொஞ்சக்காலம் அதை நம்பினேன்.

ஆனால் தலைக்கனம் பிடித்தவர் மானுக்கு "நீங்கள்" போடமாட்டாரே! எங்கள் பட்டினத்தில் புள்ளிமான்கள் ஆடு மாதிரித் தெருவில் திரியும். படலை திறந்து கிடந்தால் உள்ளே வந்து முருங்கையைக் கடிக்கும். நான் தடியோடு ஓடுவேன். மாமி பின்னால் வந்து, "இந்தப் பக்கம் வேணாம், அங்கால போங்க. போயிட்டு வாங்க" என்று மானிடம் கதைப்பார். தன்னைவிடப் பத்து வயது இளைய தம்பியாரை "நீங்க" என்பார். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் "நீங்க." யார் எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டார். ரோசலின் அக்கா அரிசி இடிக்கக் கூப்பிட்டால் போவார். பின்வீட்டுக்காரி தையலைக் கொண்டுவந்து போட்டால் தைப்பார். காய்ச்சலோடும் தைப்பார்.

ஒருதரம் தம்பலகாமத்தில் ஒரு கலியாணத்துக்கு மூவரும் போகவேண்டியிருந்தது. நான் கந்தோரிலிருந்து நேரே பஸ் நிலையத்துக்குப் போனேன். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் மாமி நின்றுகொண்டிருந்தார். கலியாணத்துக்கென்று உடுத்த சீலை உடம்போடு ஒட்டியிருந்தது. கூரை கூப்பிடு தூரம்கூட இல்லை, கையெட்டும் தூரம். கூரைக்கடியில் நின்ற சனங்கள் "அம்மா, ஒதுங்குங்க" என்று சொல்லியும் அவர் அசையவில்லையாம். மாமா எங்கோ ஒரு சிநேகிதனைக் கண்டு, தேத்தண்ணிக் கடையில் கதையில் இறங்கிவிட்டார். திரும்பி வந்தவர் பதறிப்போனார்.

"ராத்தா! உங்களுக்கென்ன பைத்தியமா? ஏன் ஒதுங்கேல்ல?"

"நீங்க இதில நில்லுங்க எண்டுதானே சொல்லிட்டுப் போனீங்க?"

குறை சொல்கிற குரலில்லை அது. கேட்டதற்கு மறுமொழி, அவ்வளவுதான். மாமா தலையிலடித்துக்கொண்டார்.  தம்பலகாமம்வரை ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் அழுகிறார் என்று தெரிந்தும் நான் தெரியாத மாதிரி இருந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க ஏலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன். ராசாக்கள் காலம் முடிந்துவிட்டது. இந்த நாட்டில் எல்லாரும் சமம். வாக்குப் போடுகிற கை எல்லாம் ஒரே கை. இருக்கவும் எழும்பவும் யாருடைய உத்தரவும் யாருக்கும் தேவையில்லை. இன்றைக்கு இந்தக் கதிரையில் நீங்கள் இருந்துகாட்டவேண்டும். மூச்சுவாங்கப் பேசினேன். மாமி கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

 குசினி அடுப்படிக்கு ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். "பார்த்தீங்களா?"

மாமா பார்த்தார். "நீ சொன்னாய், அவ இருந்தா. இதில என்ன இருக்கு மகன்? இப்ப நீ எழும்பச் சொல்லாட்டி அவ சோறாக்க வரப்போறதில்ல" என்றார்.

மாமி கதிரை விளிம்பில், முழங்கால் மேல் கை வைத்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பச் சொன்னேன்.

அவருடைய பழைய வாழ்க்கையை நான் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். கேட்டால் ஒளிக்கமாட்டார். கேட்காவிட்டால் ஒரு சொல்லும் வராது. மாமா இத்தனை வருடமாகக் கேட்கவேயில்லை. கேட்கப் பயம் என்றார். நான்தான் மீன் வெட்டும்போதும் அரிசி புடைக்கும்போதும் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

தகப்பன் மலாயாவில் சிறைக்காவலாளி. இவரையும் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆற்றங்கரையில் மரத்தால் கட்டிய அரண்மனை. ஒரு விருந்தில் பரிமாற ஆள் போதாமல் காவலாளிகளின் பெண்பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சுல்தானின் கண் இவர்மேல் பட்டுவிட்டது. முறையாக நிக்காஹ் நடந்தது. ஆனால் அரச வமிசத்துப் பெண்ணைக் கட்டும்போது அடிக்கிற மேளம் இவருக்கு அடிக்கப்படவில்லை. அந்த மேளம் கேட்காதவள் மனைவி, ராணியல்ல. மஞ்சள் நிறத்தை அவள் உடுத்தக்கூடாது. அது அரச இரத்தத்துக்கு மட்டும் உரிய நிறம்.

பொழுதுபட்டால் நாலு மனைவிமாரும் குளித்து உடுத்துத் தங்கள் தங்கள் அறை வாசலில் நிற்கவேண்டும். ஒரு கிழவி வந்து யாராவது ஒருவரைப் பார்த்துத் தலையசைப்பாள். மற்றவர்கள் உள்ளே போகலாம்.

"ஒவ்வொரு நாளுமா மாமி?"

"ஓம் தம்பி. கூப்பிட்டாலும் நிக்கவேணும், கூப்பிடாட்டியும் நிக்கவேணும்."

"கோபம் வராதா?"

"வரச்சொல்லி ஆரும் சொல்லேல்லையே" என்று சிரித்தார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அங்கே அரச குடும்பத்தவர் ஒன்றைக் கேட்டால் ஏலாது என்று மறுமொழி சொல்ல ஒரு சொல்லே இவர்களுக்குப் பழக்கப்படுத்தப்படவில்லை. இருக்கச் சொன்னால் இருக்கலாம். போகச் சொன்னால் போகலாம். போகும்போதும் முதுகு காட்டாமல் பின்பக்கமாக நடந்து போகவேண்டும்.

பெரிய ராணிக்குப் பிள்ளையில்லை. மாமிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. நாற்பதாம் நாள் கழிந்ததும் அது பெரிய ராணியின் மகனாகிவிட்டது. "பால் குடுக்கிற நேரம் மட்டும் என்ர மடியில வைப்பாங்க. குடிச்சு முடிஞ்சதும் அவர் மேல, நான் கீழ" என்றார். தான் பெற்ற பிள்ளையை அவர் மகன் என்று அழைத்ததேயில்லை. "துவாங்கு" என்றுதான் அழைக்கவேண்டும். அரசே என்று அர்த்தம். பேர்சொன்னால் குற்றம்.

ஜப்பான்காரன் வந்த காலத்தில் சுல்தான் மௌத்தானார். புதிய சுல்தான் வந்தார். யுத்தமெல்லாம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும், அரச இரத்தமில்லாத மனைவிமாரை மரியாதையாக அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். பிள்ளை அரண்மனைப் பிள்ளை. அது அங்கேயே நின்றது.

"விட்டுட்டு வரக்குள்ள அழுதீங்களா மாமி?"

அவர் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். "அவர் மேல இருந்தவர். கையில ஒரு விளையாட்டுச் சாமான். நான் கும்பிட்டிட்டுப் பின்பக்கமாத்தான் நடந்து வந்தனான். அது நல்லதாப் போச்சு தம்பி. முன்பக்கமா நடந்திருந்தா அவரைப் பார்த்திருக்க ஏலாது. கதவடிவரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தனான்."



ஒருநாள் மாமா வேலை முடியுமுன்பே வீட்டுக்கு வந்தார். மலேசியக் கடற்படைக் கப்பலொன்று நல்லெண்ணப் பயணமாக வந்து உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்தது. மாமா லோஞ்சில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மாலுமிகளோடு மலாயில் கதைத்திருக்கிறார். மேலே நின்ற ஓர் அதிகாரி அதைக் கேட்டு இறங்கிவந்து, இந்த ஊரில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றனவா, இன்ன அரண்மனையில் வாழ்ந்த ஒரு பெண்ணைத் தெரியுமா என்று விசாரித்தாராம். முப்பத்தைந்து வயதிருக்கும். மாமா அந்த முகத்தைப் பார்த்ததும் லோஞ்சைக் கட்டிவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"என்ர ராத்தாட முகம், மகன். அப்படியே அச்சு."

நாளைக்கு அவர் வீட்டுக்கு வருகிறார். அடுத்த நாள் காலை கப்பல் போகிறது. சந்தோசச் செய்தி என்று நான் துள்ளினேன். மாமா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"கூட்டிக்கொண்டு போகத்தான் வாறார். கேட்டனான், ஓமெண்டார். அவர் 'வாங்க' எண்டு ஒரு சொல் சொன்னாப் போதும், ராத்தா எழும்பிப் போயிருவா. விருப்பமிருந்தாலும் போவா, இல்லாட்டியும் போவா. இந்த மனிசி ஒருக்காவாவது தன்ர விருப்பத்துக்கு ஒண்டு செய்யாமலே முடிஞ்சுபோகப்போகுது."

நான் நேரே குசினிக்குப் போனேன். மாமி விளக்குச் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி தெரிந்திருந்தது. கை மட்டும் ஒரே இடத்தைத் துடைத்தபடி இருந்தது.

"மாமி, அவர் கூப்பிட்டால் உங்களுக்குப் போக விருப்பமா?"

"அவர் என்ன சொல்றாரோ."

"அவர் சொல்றதை விடுங்க. உங்கட விருப்பம்?"

மாமி சிமினியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அதை இப்ப வந்து கேட்டா நான் எங்க போய்த் தேடுறது தம்பி?"

மறுநாள் ஒழுங்கை முழுவதும் எங்கள் முற்றத்தில் நின்றது. இளவரசர் வருகிறார் என்றதும் ரோசலின் அக்காவே பழைய பகையை மறந்துவிட்டார். எங்கள் வீட்டு மண்டபத்து நடுவில் கைபிடிக் கதிரையைப் போட்டு, தன்னுடைய மஞ்சள் பட்டுச் சீலையைக் கொண்டுவந்து மடிப்புக் கலையாமல் அதன்மேல் விரித்தார். "ராணியம்மா இதில இருக்கட்டும். மகன் வந்து பக்கத்தில நிக்கட்டும். அப்பதான் பார்க்க வடிவு" என்றார். அந்த நிறத்தைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? மாமி அந்தக் கதிரையைக் கண்டதும் ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு ரோசலின் அக்காவின் கன்னத்தைத் தடவி, "சரியாச் செய்திருக்கிறீங்க பிள்ளை. அவருக்கு ஏற்றதுதான்" என்றார்.

ஒழுங்கையில் இங்கிலீசு தெரிந்தவன் நான் என்பதால் ஜெட்டிக்குப் போய் அவரைக் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு. சாதாரணச் சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். நடந்துவரும்போது தானாகவே சொன்னார். சின்ன வயதில் படிக்கட்டின் அடியில் எப்போதும் இருக்கிற ஒரு பெண்ணை அவருக்கு நினைவிருந்தது. வேலைக்காரி என்று எண்ணியிருந்தாராம். பெரிய ராணி சாகுமுன்தான் உண்மையைச் சொன்னார். "வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறை ஒதுக்கிவிட்டேன். அழைத்துப்போகவே வந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சனம் விலகி வழிவிட்டது. மாமி மண்டபச் சுவரோரம் தரையில், இரண்டு கையையும் குவித்துத் தலைக்கு மேல் உயர்த்தியபடி இருந்தார். மகன் மஞ்சள் கதிரையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். மாமி கதிரையைக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். அவர் போய் அதில் இருந்தார். முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. எங்கள் ராணி தரையில் இருந்தார்.

 பிறகு மகன் கதிரையிலிருந்து வழுக்கி இறங்கித் தரையில், தாய்க்கு எதிரே இருந்தார். தாயோடு ஒரே மட்டத்தில் இருந்து கேட்க நினைத்திருக்கிறார். மாமி இருந்த இருப்பிலேயே பின்னுக்கு நகர்ந்தார். நிலைப்படியைத் தாண்டி விறாந்தைக்கு இறங்கிவிட்டார். விறாந்தை ஒரு படி பதிவு. மகனும் விறாந்தைக்கு வந்தார். மாமி முற்றத்து மணலுக்கு இறங்கினார்.  தலை குனிந்தபடியே இருந்தது. மகன் விறாந்தை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, மணலை மிதிக்கப்போனவர், நின்றார். மாமிக்குப் பின்னால் படலை திறந்திருந்தது. அதற்குப் பிறகு ஒழுங்கை. ஒழுங்கை முடிவில் கடல். அவர் இறங்க இறங்கத் தாய் தூரமாகப் போய்க்கொண்டேயிருப்பார்.

அவர் எழும்பினார். உள்ளே போய் மஞ்சள் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

மாமி மணலைத் தட்டிவிட்டுத் திரும்பிவந்தார். முதலில் இருந்த சுவரோரத்துக்குப் போகவில்லை. கதிரைக் காலடிக்கே வந்தார். மகனுடைய பாதத்துக்கும் அவருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவர் உயரத்தில் இருந்தபடியால் இவரால் கிட்ட இருக்க முடிந்தது. மெதுவாகக் கையை நீட்டி அந்தப் பாதத்தின்மேல் வைத்தார். பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், பிறந்த பிள்ளைக்குப் பார்ப்பதுபோல. ரோசலின் அக்காவின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமல் நான் கண்டது அன்றைக்குத்தான்.

பின்னேரம் பள்ளியில் அசர்த் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை மகன் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். இந்தக் கடலில் என்ன மீன் படும், மழை எப்போது வரும் என்று கேட்டார். மாமி தலை நிமிராமல் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னார். மாமா தூணைப் பிடித்தபடி, 'வாங்க' என்ற அந்த ஒரு சொல் எப்போது வரும் என்று நின்றார். அது வரவில்லை. மகன் எழும்பினார், தாயின் தலையைத் தொட்டார், வெளிக்கிட்டார்.

ஜெட்டிக்குத் திரும்புகிற வழியில் நான் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "அழைத்துப்போக வந்ததாகச் சொன்னீர்கள். கேட்கவில்லையே?"

"கேட்டால் வந்திருப்பார்" என்றார். "என் அம்மாவாக வந்தாரா, உத்தரவுக்கு வந்தாரா என்று எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது. அவரால் எனக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவரிடம் எதைக் கேட்பது?"

வீட்டுக்கு வந்து அதை அப்படியே மாமியிடம் சொன்னேன். சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவர் சோற்றுப்பானையை இறக்கப்போனவர், துணிப்பிடியைக் கையில் வைத்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோறு அடிப்பிடித்து மணக்கத் தொடங்கியது. நான்தான் இறக்கினேன்.

மறுநாள் காலை மாமா வேலைக்கு வெளிக்கிட்டபோது மாமி படலையடியில் உடுத்து நின்றார். கையில் பையோ பெட்டியோ இல்லை.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்க" என்றார்.

"எங்க ராத்தா?"

"கப்பலடிக்கு."

மாமா என்னைப் பார்த்தார். நான் அன்றைக்குக் கந்தோருக்குப் போகவில்லை.

லோஞ்ச் கப்பலை அண்டியபோது நங்கூரச் சங்கிலியைச் சுற்றத் தொடங்கியிருந்தார்கள். மாமா மேலே கூப்பிட்டுச் சொன்னார். கொஞ்சநேரத்தில் மகன் கம்பியடிக்கு ஓடிவந்தார். வெள்ளைச் சீருடை, வெறுந்தலை. வெயில் அவருடைய முகத்தில் நேரே அடித்தது. மாமா இயந்திரத்தை நிறுத்தினார். யாரும் சொல்லாமல் மாமி எழும்பினார். லோஞ்ச் ஆடியது. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து மலாயில் உரத்துச் சொன்னார். அவ்வளவு உரத்த குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

"என்னவாம்?" என்று மாமாவிடம் கேட்டேன்.

"நேற்றுக் கேட்க வந்ததைக் கேளுங்க எண்டு சொல்றா."

மேலே நின்றவர் தயங்கினார். பக்கத்தில் மாலுமிகள் நின்றார்கள். பிறகு குனிந்து கேட்டார்.

"வாறீங்களா உம்மா எண்டு கேக்கிறார்" என்றார் மாமா. அவருடைய கை விசைத்தடியில் இறுகியிருந்தது.

மாமி வாய் திறந்தார். முதல்தரம் சத்தம் வரவில்லை. என் தோளில் அவருடைய நகம் பதிந்தது. இரண்டாம்தரம் வந்தது. ஒரு சின்னச் சொல். அதற்கு மாமா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மகன் திகைத்துப்போய் நின்றார். திரும்பவும் கேட்டார். திரும்பவும் மாமி அதே சொல்லைச் சொன்னார். இம்முறை ஏலாது என்று தலையையும் ஆட்டினார். மகன் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடாமல், ஏதேதோ அடுக்கத் தொடங்கினார்.

"அறை பெரிசாம், சன்னலால ஆறு தெரியுமாம்" என்றார் மாமா. "நான் ஆறு கண்டிருக்கிறன் எண்டு சொல்றா... பேரப்பிள்ளையள் இருக்காம். அதுகளை நீங்க இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்க எண்டு சொல்றா... ஏன் இந்தப் பிடிவாதம் எண்டு கேக்கிறார்..."

கிண்ணியாத் துறையடியில் இந்தக் காட்சியை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். கொழும்பில் வேலை பார்க்கிற மகன் தாயைக் கூப்பிடுவான். தாய் வரமாட்டேன் என்று நிற்பாள். பாதைப்படகு புறப்படும்வரை இரண்டு பேரும் ஊர் கேட்க வழக்காடுவார்கள். அதேதான். மாலுமிகள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். மாமிக்கு உண்மையில் போக விருப்பமில்லையா, அல்லது அவன் தன் மகன்தான் என்று காட்ட அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கப்பல் ஊதியது. மாமா இயந்திரத்தை முடுக்கினார். லோஞ்ச் விலகத் தொடங்கியபோது மாமி கையை உயர்த்தி நெற்றியைத் தொட்டுக் காட்டி, ஏதோ அதட்டினார்.

"என்ன சொல்றா மாமா?"

மாமா சுக்கானைத் திருப்பியபடி சொன்னார்.

"'மகன், வெயில் சுடுகுது, தொப்பியைப் போடு' எண்டு சொல்றா."

மேலே நின்றவர் கக்கத்தில் இடுக்கியிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.